ஓடை இலாகாவின் தண்ணீர்ப் பானை

தாழம்பாடி ஓடைத் தண்ணீர் கெட்டுப்போனது 1943ஆம் வருஷம் சித்திரை மாதத்தில். அது கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க இலாகா ஏற்பட்டது ஆடி மாதத்தில். இடைப்பட்ட மூன்று மாதமும் தண்ணீர் சர்க்காருக்குத் தெரியாமலே கெட்டுக்கொண்டிருந்தது.

யுத்த காலம். ரயில் எஞ்சின்களுக்கே கரி கிடைக்காத நேரம். கண்டமங்கலத்துக்குத் தெற்கே நாலு மைலில், தாழம்பாடி மேட்டில், பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறதென்று யாரோ சொல்ல, பட்டணத்துக் கம்பெனி ஒன்று வந்து பள்ளம் தோண்டியது. கரி கொஞ்சம் வந்தது. தண்ணீர் நிறைய வந்தது. அந்தத் தண்ணீரை எஞ்சின் வைத்து இறைத்து ஓடையில் விட்டார்கள்.

ஓடையின் கீழ்க்கரையில் சேரி இருந்தது. ஊருக்குள் இருந்த கல்கட்டுக் கிணற்றில் சேரிக்காரர்கள் குடம் இறக்கக் கூடாது. ஆகவே ஓடை மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் மொண்டு குடம் நிரப்புவதுதான் அவர்கள் வழக்கம். சித்திரைக்குப் பிறகு அந்த ஊற்றில் தேத்தண்ணீர் நிறத்தில் ஏதோ ஒன்று ஊறியது. கூமுட்டை நாற்றம். வாயில் வைத்தால் துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போலிருந்தது. அதில் வடித்த சோறு மஞ்சளாக வந்தது. துவைத்த வேட்டி காவியாக வந்தது. சேரியில் பாதிப் பேர் சந்நியாசம் வாங்கிக்கொண்டவர்கள் மாதிரி நடமாடினார்கள்.

மனுக்கள் போயின. கடைசியில் "ஓடை நீர்க் கண்காணிப்புத் தனி இலாகா" பிறந்தது. திண்டிவனத்தில் ஒரு பங்களா காலியாக இருந்ததால் ஆபீஸ் அங்கே அமைந்தது. ஓடைக்கும் ஆபீசுக்கும் இடையே முப்பது மைல். ரயில் வசதியை உத்தேசித்துத் தொடக்க விழாவை இரண்டுக்கும் நடுவே விழுப்புரத்தில் நடத்தினார்கள்.

விழாவில் சூப்பரின்டெண்டு ராவ் சாகிப் விருத்தாசலம் முக்கால் மணி நேரம் பேசினார். "தண்ணீர் கெட்டுவிட்டதாக ஜனங்கள் சொல்கிறார்கள். யார் அந்த ஜனங்கள்? அதைக் குடிக்கிறவர்கள். குடிக்கிறவனுக்குப் பட்சபாதம் இருக்கத்தான் செய்யும். நடுநிலையோடு பேச வேண்டுமானால் அதைக் குடிக்காதவர்கள்தான் பேச வேண்டும். நமது இலாகாவில் தாழம்பாடித் தண்ணீரை ஒரு துளி குடித்தவர்கூட இல்லை என்பதை மிகுந்த பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

அன்றே விதிப் புத்தகம் அச்சடித்து வழங்கப்பட்டது. அதில் சேரிக்காரர்களுக்குப் புரிந்த விதி ஒன்றே ஒன்றுதான். மூன்று மாதம் தொடர்ந்து நீர் கெட்டதென்று இலாகா கண்டால், அவ்வாறு காணப்பட்ட இடத்தில் கம்பெனி தன் சொந்தச் செலவில் ஒரு குடிநீர்க் கிணறு வெட்டித் தர வேண்டும்.

அந்தக் கிணற்றுக்காகத்தான் சவுரிராயன் உத்தியோகத்தில் சேர்ந்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவன். எண் எழுதத் தெரியும். ஓடையில் இறங்கினால் முழங்கால் மட்டுமே நனையும் உயரம். இலாகாவுக்கு இவை போதுமானவையாக இருந்தன. "நீர்நோக்கர்" என்று பொறித்த பித்தளை வில்லையை மார்பில் குத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

அவன் மனைவி சூசை மேரி அப்போது மசக்கையில் இருந்தாள். கலியாணமாகி இரண்டு வருஷம் கழித்து வந்த மசக்கை.

"இன்னாய்யா இது, மார்ல தகரம்?"

"தகரம் இல்ல மேரி, பித்தளை. சர்க்கார் வில்லை. இனிமே தெனம் மூணு வேளை நான் ஓடைத் தண்ணியப் பாக்கணும்."

"பாக்கறதுக்குச் சம்பளமா? நானும்தான் தெனம் அதப் பாத்துப் பாத்து வாந்தி எடுத்துக்கினு இருக்கறேன். எனக்கு எவன் குடுத்தான்?"

அவன் விதிப் புத்தகத்தைப் பிரித்து அந்த ஒரு விதியை இரண்டு தடவை படித்துக் காட்டினான். அவள் கேலியை நிறுத்திவிட்டாள். ஊற்றுத் தண்ணீர் வயிற்றில் தங்காததால், ஒன்றரை மைல் நடந்து ஒரு கமலைக் கிணற்றுக்குப் போய், மாடு இறைக்கும் நேரம் பார்த்துத் தள்ளி நின்று, அங்குள்ள பண்ணையாள் மனசு வைத்து ஊற்றினால் ஒரு குடம் கொண்டுவருவாள். மனசு வைக்காத நாளில் வெறுங்குடம்.

"மூணு மாசமா? நெசமா வெட்டுவாங்களா?"

"அச்சடிச்சிருக்குது மேரி."

"அப்போ சரி. வயிறு பெருத்தப்புறம் என்னால அம்மாந்தூரம் நடக்க முடியாதுய்யா. அதுக்குள்ள வந்துட்டாப் போதும்."

வேலை கடினமாக இல்லை. ஓடை நடுவே அடிக்கணக்கு குறித்த மரக்கோல் ஒன்றை நட்டிருந்தார்கள். காலை, உச்சி, மாலை மூன்று வேளையும் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறதென்று எழுத வேண்டும். மாதம் ஒரு தரம், முதல் திங்கட்கிழமை, ஒரு பாட்டில் மொண்டு அரக்கு முத்திரை வைக்க வேண்டும். முத்திரை வைக்கும்போது கிராம முன்சீப் சாட்சியாக நிற்பார். பனைமரத்தடியில், அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, முப்பது அடிக்கு அப்பால் நின்று, "தண்ணீர் தண்ணீரே" என்று கையெழுத்துப் போடுவார். பிறகு சவுரிராயன் பாட்டிலோடு ரயிலேறி, விழுப்புரத்தில் வண்டி மாறி, திண்டிவனம் போய், ஆபீசின் பின்பக்க ஜன்னலில் கொடுக்க வேண்டும்.

முன்வாசல் வழியாக அவன் வரக் கூடாது. அவன் கையிலிருந்து யாரும் எதையும் வாங்கவும் கூடாது. இதற்காகவே ஐந்தடி நீளக் கைப்பிடி போட்ட தள்ளுபலகை ஒன்றைத் தச்சனிடம் சொல்லிச் செய்து வைத்திருந்தார்கள். அவன் பாட்டிலை ஜன்னலோரத்து மேடையில் வைத்துவிட்டு விலகுவான். பரிசோதகர் அப்பாதுரை தள்ளுபலகையால் அதை மேடையோடு தள்ளிக்கொண்டே போய் அலமாரிக்குள் சேர்ப்பார். தண்ணீர் ஒரு துளி சிந்தாது. அந்தக் காரியத்தில் அவருக்கு இணை கிடையாது.

ஒரு வாரம் கழித்து முதல் முடிவு தபாலில் வந்தது. சவுரிராயன் படித்தான்.

"நிறம்: தெளிவு. மணம்: இல்லை. ருசி: இனிது. முடிவு: உத்தமமான நீர்."

சூசை மேரி அடுப்பிலிருந்த சட்டியைக் காட்டினாள். அதில் உத்தமமான நீர் பழுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

"எந்தத் தண்ணியய்யா எடுத்துக்கினு போன?"

"நம்ம ஊத்துத் தண்ணிதான் மேரி. ஆபீஸ்ல பாட்டில் மாறிப்போச்சோ இன்னாவோ."

இரண்டாம் மாதம் இன்னும் ஆழமாகக் கலக்கி, அடிச்சேற்றோடு மொண்டான். பாட்டில் கறுப்புக் காப்பிபோல இருந்தது. "நிறம்: தெளிவு. ருசி: மிக இனிது" என்று வந்தது. மூன்றாம் மாதம் கம்பெனிக் குழாய் ஓடையில் விழும் வாயிலேயே பாட்டிலைப் பிடித்தான். "சென்ற மாதத்தைவிட அபிவிருத்தி" என்று வந்தது.

அந்த ஐப்பசியில் சூசை மேரியின் தம்பி அமலதாசின் ஏழு மாதப் பெண் குழந்தை வயிற்றுப்போக்கில் செத்துப்போயிற்று. அடக்கம் முடிந்து வந்த சவுரிராயன், மாதப் படிவத்தில் "குறிப்பு" என்று காலியாக இருந்த இடத்தில் அதை எழுதி அனுப்பினான். உடனே பதில் வந்தது. இலாகா இவ்வளவு சீக்கிரம் வேறெதற்கும் பதில் போட்டதில்லை.

"குறிப்பு என்னும் பகுதி நீரைப் பற்றிய குறிப்புகளுக்கு மட்டுமே உரியது. இனி நீர்நோக்கர் அதில் குடும்ப விஷயங்களை எழுதி இடத்தை வீணாக்கலாகாது."

அமலதாஸ் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. முத்திரையை மட்டும் வெகுநேரம் பார்த்துவிட்டு, கரிப்பள்ளத்து வேலைக்குப் போய்விட்டான்.

தை பிறந்தது. மற்ற வருஷங்களில் தை முடிவதற்குள் தாழம்பாடி ஓடையில் மணல்தான் தெரியும். இந்த வருஷம் கம்பெனி இரண்டாவது எஞ்சினை வைத்துவிட்டதால் மரக்கோலில் இரண்டரை அடி நின்றது. சவுரிராயன் பார்த்ததை எழுதினான். இலாகா ஆனந்தத்தில் மூழ்கியது. சூப்பரின்டெண்டு நேரில் புறப்பட்டு வந்து, மேட்டில் நாற்காலி போட்டு, தலைக்குமேல் ஒருவர் குடை பிடிக்க, ஊராரைக் கூட்டிப் பேசினார்.

"உங்கள் பாட்டன்மார் காலத்தில் இந்த ஓடை தைக் கடைசியில் ஓடிற்றா? இல்லை. நமது இலாகா கோல் நட்டது, ஓடை ஓடுகிறது. கண்காணிக்கப்படாத நீர் வற்றிவிடுகிறது. கண்காணிக்கப்படும் நீர் வற்றாது. காவேரிக்குக்கூட இந்தப் பாக்கியம் கிடையாது."

கூட்டத்தின் ஓரத்திலிருந்து சூசை மேரி எட்டு மாத வயிற்றோடு எழுந்து நின்றாள். "ஓடுது சாமி. ஆனா குடிக்க முடியல. கறுப்பா இருக்குது."

"யாரம்மா நீ?"

"நீர்நோக்கரு பொண்டாட்டி."

விருத்தாசலம் அன்போடு புன்னகை செய்தார். "அம்மா, உலகமெல்லாம் யுத்தம் நடக்கிறது. லண்டனில் வானமே கறுத்துக் கிடக்கிறதாம். நம்முடைய ஓடை கொஞ்சம் கறுத்தால் அதையும் ஒரு தேசத் தொண்டாக நினைத்துக்கொள். மேலும் அது கறுப்பு என்று நீ சொல்கிறாய். இலாகா தெளிவு என்கிறது. இரண்டில் எதற்கு முத்திரை இருக்கிறது?"

அவருக்காக ஊர்க் கிணற்றிலிருந்து வெள்ளிச் செம்பில் தண்ணீர் வந்தது. குடித்துவிட்டு மோட்டாரில் ஏறினார்.

மாசியில்தான் அந்த எதிர்பாராத சம்பவம் நடந்தது. பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர் சீமை. அங்கே சாராயமும் பிராந்தியும் மலிவு. அங்கிருந்து கண்டமங்கலம் வழியாக வரும் ரயிலைச் சுங்கச் சேவகர்கள் எல்லையில் சல்லடை போட்டுச் சலிப்பார்கள். அன்று வண்டியில் ஏறியவர் பெரியசாமி என்னும் சேவகர். சவுரிராயனின் மடியில், துணி சுற்றி, அரக்கு வைத்து, பழுப்பு நிறத்தில் ஒரு பாட்டிலைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"யோவ், இன்னாய்யா இது?"

"தண்ணிங்க எஜமான். ஓடைத் தண்ணி."

"ஓடைத் தண்ணிக்கு அரக்கு முத்திரையா? எங்கிட்டயே காது குத்தறியா? இந்த நெறத்துல தண்ணிய எங்கய்யா பாத்த? ஒசந்த சரக்கு போலக்கீதே!"

முத்திரை பட்டென்று உடைந்தது. பாட்டில்காரன் இன்ன சேரி, இன்ன ஜாதி என்பதெல்லாம் அவன் பேச்சைக் கேட்டாலே தெரியும். ஆனால் பிராந்திக்குத் தீட்டுக் கிடையாது என்பது எல்லை நெடுகிலும் ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். பெரியசாமி ருசி பார்க்கிறேன் என்று அண்ணாந்து கால் பாட்டிலை இறக்கினார்.

பிறகு அவர் ஜன்னல் வழியே தலையை நீட்டிய நிலையிலேயே விழுப்புரம் வரை வந்தார்.

"அடப்பாவி," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னாடா குடுத்த? இத எதுக்குய்யா எடுத்துக்கினு போற? யாரையாச்சும் தீத்துக்கட்டவா?"

"இதத்தாங்க எஜமான் நாங்க குடிக்கறோம்."

"தெனமுமா?"

"தெனமும்."

பெரியசாமி சட்டைப் பையிலிருந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். முத்திரை உடைத்ததற்கு அவர் சீட்டு எழுதித் தர வேண்டும். அது சுங்கத்தின் விதி. அவருக்கு ருசி இன்னும் நாக்கில் இருந்தபடியால் சீட்டு உண்மையாக அமைந்தது. "பாட்டிலில் இருந்தது மது அல்ல. மனுஷர் குடிக்கத் தக்க எந்தப் பொருளும் அல்ல." கீழே கையெழுத்து, கிரீடம் போட்ட ரப்பர் முத்திரை.

சவுரிராயன் அதை இரண்டு கையாலும் வாங்கினான். அந்தத் தண்ணீரைச் சர்க்கார் மனுஷர் ஒருவர் குடித்து எழுதிய முதல் காகிதம் அது. அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் இப்படியே இரண்டு சீட்டு வாங்கிவிட்டால் கிணறு என்று கணக்குப் போட்டான்.

"எஜமான், அடுத்த மாசமும் நீங்களே ஒரு வாய் குடிச்சுப் பாத்து..."

"யோவ், எனக்கு நாலு பொட்டப் புள்ளைங்கய்யா!" என்று சொல்லிவிட்டுப் பெரியசாமி அடுத்த பெட்டிக்கு ஓடினார்.

திண்டிவனத்தில், பின்பக்க ஜன்னலோரம், அப்பாதுரை அந்தச் சீட்டைத் தள்ளுபலகையால் இழுத்துப் படித்தார். எட்டு மாதமாக ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் உழைத்தவர் அவர்.

"அப்படியென்றால் நான் எழுதினதெல்லாம் பொய்யா? நான் ஒழுங்காகச் சோதிக்கவில்லை என்கிறாயா? இதோ பார். நன்றாகக் கண்ணைத் திறந்து பார்."

அவர் ஜன்னலை அகலத் திறந்துவைத்தார். அலமாரியில் ஏழு பாட்டில்கள் வரிசையாக, முத்திரை குலையாமல், மூடி திறக்காமல் நின்றன. ஆயுத பூஜையன்று தூரத்திலிருந்தே தெளித்த சந்தனம் அவற்றில் முதல் மூன்றின்மேல் காய்ந்திருந்தது. அப்பாதுரை நேராக ஜன்னலடியில் இருந்த ஆபீஸ் தண்ணீர்ப் பானைக்கு வந்தார். கோயில் குளத்திலிருந்து தினமும் காலையில் நிரப்பும் பானை. ஒரு டம்ளர் மொண்டார். வெளிச்சத்தில் பிடித்து, "தெளிவு" என்று எழுதினார். முகர்ந்து, "மணம் இல்லை" என்று எழுதினார். கண்ணை மூடி மூன்று மிடறு குடித்து, நாக்கைச் சுழற்றி, அரை நிமிஷம் யோசித்து, "இனிது" என்று எழுதினார்.

"பார்த்தாயா? இதில் எங்கே தப்பு?"

சவுரிராயன் பானையை எட்டிப் பார்த்தான். "சாமி, இது உங்க பானைத் தண்ணிங்களே?"

"வேறு எதைக் குடிக்கச் சொல்கிறாய்? ருசி பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நீ தொட்டு மொண்டதை நான் வாயில் வைத்தால் வீட்டுக்குள் போக முடியுமா? விதியையும் காப்பாற்றியாக வேண்டும், ஆசாரத்தையும் காப்பாற்றியாக வேண்டும். எட்டு மாதமாக இரண்டையும் காப்பாற்றி வருகிறேன். எத்தனை பேரால் முடியும்?"

விஷயம் சூப்பரின்டெண்டுவரை போயிற்று. அவர் அப்பாதுரையை முதுகில் தட்டினார். ஜன்னலுக்கு வெளியே நின்ற சவுரிராயனிடம் பொறுமையாக விளக்கினார்.

"எல்லா நீரும் மழையிலிருந்துதான் வருகிறது. தாழம்பாடியில் பெய்கிற மழைதான் திண்டிவனத்திலும் பெய்கிறது. ஆகவே எந்த நீரைப் பரிசோதித்தாலும் அது எல்லா நீரையும் பரிசோதித்ததாகும். இது விஞ்ஞானம். ஆனால் முத்திரை உடைந்தது குற்றம். சுங்க இலாகா நம்முடைய தண்ணீரைக் குடித்தது அதைவிடப் பெரிய குற்றம். உன்னை ஒரு மாதம் சஸ்பெண்டு செய்கிறேன். எனினும் பாட்டில் கொண்டுவருவதை நிறுத்தாதே."

அன்று வீட்டுக்கு வந்ததும் அவன் வில்லையைக் கழற்றிக் கீழே வைத்தான். நடந்ததைச் சொல்லி முடித்தான். சூசை மேரி நிறைமாத வயிற்றைப் பிடித்தபடி அவன் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள். அன்றைக்கு அவளும் வெறுங்குடத்தோடுதான் திரும்பியிருந்தாள்.

"அந்தப் பானை எங்க இருக்குதுன்ன?"

"ஜன்னலுக்கு நேரா கீழ."

"உன் கைக்கு எட்டுமா?"

"எட்டும். ஏன்?"

"நீ இன்னாய்யா மனுஷன்! அவங்க சோதிக்கறது பானைய. நீ பாட்டில்ல ரொப்பிக்கினு போய் இன்னா பிரயோஜனம்? பானையில ஊத்து."

"ஐயையோ, ஆபீஸ் மொத்தமும் அதத்தான் குடிக்கும் மேரி."

"குடிக்கட்டும்," என்றாள் அவள். "எந்தம்பி மவ குடிச்சா."

பங்குனி முதல் திங்கட்கிழமை, அப்பாதுரை தள்ளுபலகையை எடுக்க உள்ளே போன சமயம், சவுரிராயன் ஜன்னல் கம்பி வழியே கைவிட்டு இரண்டு பாட்டில் ஊற்றுத் தண்ணீரைப் பானையில் கவிழ்த்தான். மூன்றாவது பாட்டிலை முத்திரையோடு மேடையில் வைத்தான்.

அப்பாதுரையைப் பற்றி எது சொன்னாலும், நேர்மையற்றவர் என்று சொல்ல முடியாது. பானையில் இருந்ததை இருந்தபடியே எழுதினார். "நிறம்: பழுப்பு. மணம்: சகிக்க முடியாதது. ருசி:" என்று எழுதி, கொல்லைக்கு ஓடிப்போய்த் திரும்பி வந்து, "கெட்டது" என்று முடித்தார்.

அந்த வாரம் சூசை மேரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த குழந்தையைக் குளிப்பாட்ட அமலதாஸ் ஒன்றரை மைல் போய்க் கெஞ்சி ஒரு குடம் கொண்டுவந்தான்.

சித்திரையில் இலாகா பழைய பானையை உடைத்துவிட்டுப் புதுப் பானை வாங்கி, மாவிலை கட்டி வைத்திருந்தது. அதுவும் கெட்டது. வைகாசியில் பானையைச் சுற்றிக் கோலம் போட்டிருந்தார்கள். அதுவும் கெட்டது. சூப்பரின்டெண்டு பத்து நாள் படுக்கையில் இருந்து எழுந்து வந்து, விதிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

ஆனி மாதம் தீர்ப்பு வந்தது. சவுரிராயன் ஓடைக்கரையில் சேரி முழுவதையும் கூட்டிவைத்து உரக்கப் படித்தான். "மூன்று மாதம் தொடர்ந்து நீர் கெட்டதென இலாகா கண்டிருப்பதால், விதிப்படி கம்பெனி உடனே ஒரு குடிநீர்க் கிணறு வெட்டித் தரக் கட்டளையிடப்படுகிறது." பெண்கள் குலவையிட்டார்கள். கிழவர் ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். சத்தம் அடங்கியதும் அவன் அடுத்த வரியைப் படித்தான்.

"நீர் கெட்டதெனக் காணப்பட்ட இடம் திண்டிவனம் ஆபீஸ் ஆகையால், கிணறு அதன் வளாகத்திலேயே வெட்டப்படும்."

சூசை மேரி கைக்குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

கம்பெனிக்கு இதில் ஆட்சேபணை இல்லை. இலாகாவுக்குக் கிணறு வெட்டிக் கொடுப்பதைவிட நல்ல காரியம் எந்தக் கம்பெனிக்குக் கிடைக்கும்? கரிப்பள்ளத்தில் மண் வெட்டிப் பழகிய பதினாறு பேரை அனுப்பியது. பதினாறு பேரும் தாழம்பாடிச் சேரிக்காரர்கள். அமலதாஸ் மேஸ்திரி. ஐந்து வாரம் வெட்டினார்கள். முப்பத்தைந்தாவது அடியில் ஊற்றுக் கண் திறந்தது.

திறப்பு விழாவுக்கு நீர்நோக்கரும் வர வேண்டுமென்று உத்தரவு. சவுரிராயனும் வெட்டிய பதினாறு பேரும் வேலிக்கு வெளியே நின்றார்கள். புரோகிதர் மந்திரம் சொல்லிக் கிணற்றைச் சுத்தி செய்தார். இன்னின்னார் இதில் நீர் மொள்ளக் கூடாது என்று புதிய பலகை ஒன்றும் தயாராக இருந்தது.

"இது இலாகாவின் வெற்றி," என்றார் விருத்தாசலம். "கெட்ட நீரைக் குடித்து அவதிப்பட்டவர்களின் துயரத்தை நான் அறிவேன். பத்து நாள் நானே படுத்திருந்தேன். கெட்ட நீரைக் குடிப்பவர்களை ஒரு நாள்கூட அப்படியே விட்டுவைப்பது மகா பாவம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆகவே ஒரு கணமும் தாமதிக்காமல் நமக்காக இந்தக் கிணற்றை ஏற்பாடு செய்தேன்."

முதல் செம்புத் தண்ணீரை அவரே குடித்தார். "அமிர்தம்!" என்றார். அப்பாதுரையும் குடித்துவிட்டு, "அதி உத்தமம்" என்று புத்தகத்தில் எழுதினார்.

வேலிக்கு வெளியே அமலதாஸ் சவுரிராயனின் காதில் சொன்னான்: "அஞ்சு வாரமா நாங்க பதினாறு பேரும் அதுலதான் மாமா குளிச்சோம். வாய் கொப்புளிச்சோம். நேத்து பொழுதுசாய வேலை முடிச்சுட்டு மம்முட்டியெல்லாம் கழுவினோம். ஆபீசருங்க எவனும் வந்து எட்டிக்கூடப் பாக்கல."

"சும்மா இருடா, கேட்டுடப் போவுது."

"கேட்டா இன்னா? இப்பத்தான் அமிர்தம்னு சொல்லிட்டானே."

சவுரிராயனும் பதினாறு பேரும் ஒரே ரயிலில் திரும்பினார்கள். விழுப்புரம் தாண்டியதும் அமலதாஸ்தான் ஆரம்பித்தான்.

"மாமா, கெணறு வெட்டறதுக்கு இன்னா இன்னா வேணும்னு இந்த அஞ்சு வாரமா நல்லாப் பாத்துட்டேன். கடப்பாரை வேணும். கூடை வேணும். வடம் வேணும். பத்துக் கை வேணும். இலாகா எந்த எடத்துலயும் வேணும்னு படல."

சேரிக்கு மேற்கே, ஓடையை விட்டு வெகு தூரம் தள்ளி, மேட்டு நத்தத்தில் இடம் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வெட்டினார்கள். மற்ற நாளில் கரிப்பள்ளத்து வேலை விட்டு வந்து, வெளிச்சம் இருக்கும்வரை வெட்டினார்கள். கம்பெனியின் வடம் ஒன்று கம்பெனிக்குத் தெரியாமல் ஆறு வாரம் இரவல் வந்தது. பெண்கள் மண் சுமந்தார்கள். சூசை மேரி குழந்தையைப் புங்கமரத்துத் தூளியில் போட்டுவிட்டுக் கூடை கைமாற்றினாள். பாறை இடித்தது, இரண்டு கடப்பாரை வளைந்தது. ஆவணிக் கடைசியில், முப்பத்தொன்பதாவது அடியில், அமலதாசின் பாதத்தை ஈரம் தொட்டது. அவன் கீழேயிருந்து கத்தவில்லை. ஒரு கை மொண்டு குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள்.

புரட்டாசி முதல் வாரம் இலாகாவிலிருந்து பதிவுத் தபால் வந்தது. நீர்நோக்கர் அதைச் சம்பந்தப்பட்ட கிணற்றின் அருகே நின்று எல்லோரும் கேட்கும்படி வாசிக்க வேண்டும் என்று உறைமேலேயே எழுதியிருந்தது. சவுரிராயன் வில்லையைக் குத்திக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். எட்டுப் பத்துப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். கயிறு சூசை மேரியின் கையில் இருந்தது.

"தாழம்பாடிச் சேரியில் இலாகாவின் அனுமதியின்றி வெட்டப்பட்ட கிணற்றின் நீர் குடிக்கத் தக்கதென இலாகா பரிசோதித்துச் சான்று அளிக்கும்வரை, எவரும் அதில் நீர் மொள்ளவோ, அருந்தவோ..."

"எத்தினி பக்கம்யா இருக்குது?" என்றாள் சூசை மேரி, கயிற்றை விடாமல்.

"நாலு பக்கம்."

"அப்பறமாப் படி. பின்னாடி இத்தினி பேரு நிக்கறாங்க, கையும் ஓஞ்சுபோச்சு. வந்து ஒரு இழுப்பு இழு."

அவன் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தான்.